மஞ்சள் பிஹெச் பேனாவும் டிஓ மீட்டரும்: இறால் குட்டைக்கு வாங்கலாமா?

தண்ணீரின் அமில-காரத் தன்மையை எண்ணாகக் காட்டுகிற, நெட்டில் 500 ரூபாய்க்குள் கிடைக்கிற மஞ்சள் பிஹெச் பேனா இருக்கிறதே, முதலில் அதைப் பற்றி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், ஒரே பொருளை ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள். வேதாரண்யம் பக்கம் வன்னாமி இறால் போட்டிருக்கிற எந்த ஷெட்டுக்குப் போனாலும் ஏதோ ஒரு ஆணியில் இது தொங்கும். மார்க் கேட்டால் 5-க்கு இரண்டரை. பேனா அவ்வளவு மோசமில்லை, அதோடு பெட்டியில் வைத்துத் தருவதுதான் நமக்கு உதவாது.

பெட்டிக்குள் ஒரு குட்டி திருப்புளி, 4.00 என்றும் 6.86 என்றும் இரண்டு பஃபர் (பேனாவைச் சரிபார்க்க, பிஹெச் முன்பே தெரிந்த கரைசல்) பவுடர் பொட்டலம். ஒவ்வொன்றையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைக்கச் சொல்வார்கள். நம் தண்ணீர் 7.5-லிருந்து 8.5-க்குள் நிற்க வேண்டியது, பாசி கூடிய குட்டையில் மத்தியானம் மூன்று மணிக்கு 9-ஐக் கூடத் தொடும். இதில் 4.00 பஃபர் எதற்கு, எலுமிச்சைச் சாறா அளக்கப் போகிறோம்? நாம் அளக்கிற எண்ணுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பஃபர் இருக்க வேண்டும். 6.86 கீழே சரி, மேலே 9.18 வேண்டும். அதே பவுடர் 9.18-லும் தனியாகக் கிடைக்கிறது, பேனா ஆர்டர் போடும்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

ஒற்றைத் திருகு உள்ள மாடலில் இன்னொரு சங்கதி. அந்தத் திருகைத் திருப்பினால் அளவு மொத்தமாக மேலே போகும் அல்லது கீழே வரும், அவ்வளவுதான். எலக்ட்ரோடு (பேனா முனையில் அளக்கிற கண்ணாடிப் பகுதி) கிழடாகி அதன் உணர்வு குறைந்துபோயிருந்தால் திருகால் ஒன்றும் செய்ய முடியாது. புது எலக்ட்ரோடு 25 டிகிரியில் ஒரு பிஹெச் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் கொடுக்கும், பழசாக ஆக அது இறங்கிக்கொண்டே வரும். இதைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. 6.86-ல் வைத்துத் திருகைச் சரிசெய்துவிட்டு, முனையை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றியெடுத்து (தேய்க்கக் கூடாது), அப்படியே 9.18-ல் விடுங்கள். 9.1, 9.2 என்று நின்றால் நிம்மதி. 8.9-லேயே நின்றுவிட்டால் குட்டையில் உண்மையில் 8.6 இருக்கும்போது பேனா 8.4 என்று சொல்லும். 0.2 தானே என்று தோன்றும். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் 0.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தானே குட்டையில் சுண்ணாம்பு போடுவதா வெல்லம் போடுவதா என்று முடிவு செய்கிறோம், அதில் 0.2 சின்ன விஷயமில்லை. பிஹெச் 8-லிருந்து 9-க்கு ஏறினால் மொத்த அம்மோனியாவில் விஷமுள்ள பங்கு ஏறக்குறைய 6 மடங்கு ஆகிவிடும்.

ஏடிசி (சூட்டைத் தானாக ஈடுகட்டும் வசதி) என்று பேனா மேலேயே போட்டிருப்பார்கள். சூட்டுக்குத் தகுந்தபடி எலக்ட்ரோடின் கணக்கை அது திருத்தும், உண்மைதான். ஆனால் பஃபரின் பிஹெச்சே சூட்டில் மாறுவது அதற்குத் தெரியாது. 9.18 என்பது 25 டிகிரியில் மட்டும்தான், தகரக் கொட்டகைக்குள் 35 டிகிரியில் அது 9.10. கலக்கி வைத்த 9.18 காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துத் தானாகவே இறங்கவும் செய்யும். அதனால் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடி வையுங்கள், ஒருமுறை முனையை முக்கிய பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு கடையில் இலவசமாகத் தண்ணீர் டெஸ்ட் செய்து தருகிறார்கள், அங்கே மூடியில்லாத பீக்கரில் பஃபர் நாள் முழுக்க மேஜைமேல் நிற்கும். இலவசம்தான், வாங்கிக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

பேனாவைக் காயவிட்டால் சீக்கிரம் போய்விடும், டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தாலும் அப்படித்தான். மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், அதில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு. லேப் கெமிக்கல் கடையில் உப்பு வாங்கினால் 100 மில்லிக்கு 22.4 கிராம், கரைசல் வேலை முடிந்தது. ஷெட்டில் மூட்டையாகக் கிடக்கிற பொட்டாஷும் பொட்டாசியம் குளோரைடுதானே என்று அந்தச் சிவப்பு உரத்தைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அதிலுள்ள அழுக்கு எலக்ட்ரோடின் நுண்துளையை அடைத்துவிடும். முனையில் வழவழப்பு படிந்தால் சோப்புத் தண்ணீர், சுண்ணாம்பு வெள்ளை படிந்தால் வெள்ளை வினிகரில் சில நிமிடம், அப்புறம் நன்றாக அலசி மறுபடி கேலிபரேஷன், அதாவது பஃபரில் வைத்துச் சரிசெய்வது.

இதைவிட நல்லது என்ன என்றால், எலக்ட்ரோடைக் கழற்றி மாற்றுகிற மாதிரி, பட்டனை அழுத்தி இரண்டு அல்லது மூன்று பஃபரில் கேலிபரேஷன் செய்கிற பேனா. விலை பல மடங்கு. நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன், 5-க்கு 4 கொடுப்பேன். உணர்வு எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அதுவே காட்டுகிறது, 85-க்குக் கீழே போனால் எலக்ட்ரோடை மட்டும் மாற்றினால் போதும். ஒரு மார்க்கைக் குறைத்ததற்குக் காரணம் பேட்டரி மூடி. உப்புக் காற்றில் அந்த ரப்பர் வளையம் இறுகிப்போய் உள்ளே பச்சை பூக்கிறது.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கிற டிஓ மீட்டருக்கு வருவோம். எங்களிடம் இருப்பது கேல்வானிக் வகை, நுனியில் மெம்பரேன் (மெல்லிய சவ்வு) மூடி, உள்ளே எலக்ட்ரோலைட் கரைசல். ஆன் செய்தவுடன் அளக்கலாம். போலரோகிராபிக் வகை என்றால் ஒரு கால் மணி நேரம் சூடேற விட வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சோடு வரப்பில் நிற்கிறவனுக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிசு. கேலிபரேஷன் சுலபம், ஈரமான காற்றில் பிடித்து 100 சதவீதம் வைத்தால் முடிந்தது. பலர் கோட்டை விடுவது உப்பில்தான். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 பிபிடி (ஆயிரத்தில் 30 பங்கு) உப்புத் தண்ணீர் 6.4 தான் பிடிக்கும். மீட்டரில் உப்பு அளவைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டால் உண்மையில் 3.8 இருக்கும்போது 4.5 என்று காட்டும். 4-க்கு மேலே இருக்கிறது என்று தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டரை நிறுத்திவிட்டுப் படுக்கப் போவோம், இறால் கரையோரம் மிதக்கும்.

மெம்பரேன் மாற்றும்போது எலக்ட்ரோலைட்டை மூடி நிறைய ஊற்றி, விரலால் சுண்டி, குமிழி எல்லாம் மேலே வந்த பிறகு மெதுவாகத் திருகுங்கள். கடைசியில் கொஞ்சம் வழிய வேண்டும், வழியாவிட்டால் உள்ளே குமிழி நின்றுவிட்டது என்று அர்த்தம், அளவு நிலையாக நிற்காது. அளக்கும்போது புரோபை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை ஆக்சிஜனைத் தின்றுகொண்டேதான் அளக்கிறது. அடிச்சேற்றில் குத்தாதீர்கள். கறுத்த சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு உள்ளே போய் எலக்ட்ரோடைக் கெடுத்துவிடும். ஒளியால் அளக்கிற ஆப்டிக்கல் மீட்டருக்கு ஆட்டவும் வேண்டாம், சல்பைடு பயமும் கிடையாது, ஆனால் அதன் மூடியிலுள்ள சாயம் நாளாக நாளாக மங்கும், அந்த மூடியை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மீட்டர் விலையைக் கேட்கும்போதே மூடி விலையையும் கேளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. வாரண்டி ஒரு வருடம் என்பது பெரும்பாலும் மீட்டருக்குத்தான், எலக்ட்ரோடுக்கு எத்தனை மாதம் என்று தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கண்ணாடி எலக்ட்ரோடு பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வயதாகும், அதனால் ஸ்பேர் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு மூன்று வாங்கி அடுக்காமல், தயாரித்த மாதத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.