அயர்ன் மெய்டன் லைவ்: ஸ்டுடியோ பதிவோடு நின்றுவிடாதீர்கள்

யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஸ்பீக்கரில் வந்தாலே கூட்டம் துள்ள ஆரம்பித்துவிடும். அது இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் பாட்டே இல்லை, ஆனால் அது முடிந்தால் இவர்கள் மேடைக்கு வரப்போகிறார்கள் என்று அர்த்தம். பல வருட வழக்கம் இது.

லைவில் மெய்டனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ரசிகர்களின் மிகைப்பேச்சு என்று நினைப்பவர்கள், 'ராக் இன் ரியோ' லைவ் ஆல்பத்தில் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஒன்றை மட்டும் கேளுங்கள். 2001 ஜனவரி, சுமார் இரண்டரை லட்சம் பேர். கிட்டார் மெட்டு தொடங்கியதும், வார்த்தையே இல்லாத அந்த மெட்டை மொத்தக் கூட்டமும் 'ஓ ஓ' என்று எடுத்துக்கொள்கிறது, கிட்டார் அவர்களுக்குப் பக்கவாத்தியம் மாதிரி ஆகிவிடுகிறது. இதைக் கேட்டுப் பழகியபின் 1992 ஸ்டுடியோ பதிவு எனக்குப் பாதியில் நின்ற பாட்டாகத்தான் படுகிறது.

வேகம் வேண்டுமென்றால் 1985-இல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்'. போலந்தில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிய டூரில் பதிவான லைவ் ஆல்பம் இது, அந்த டூரில் 180 நிகழ்ச்சிகளுக்கும் மேல். சர்ச்சிலின் 1940 பேச்சு ஒலித்து முடிந்ததும் 'ஏசஸ் ஹை' பாய்ந்து வரும் அந்த இடத்தில் எனக்கு இன்றும் புல்லரிக்கும். 2018-இலும் அதே பாட்டில்தான் தொடங்கினார்கள், தலைக்கு மேல் இரண்டாம் உலகப்போர் கால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாதிரி தொங்க, விமானி தொப்பியோடு பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் ஓடி வருவார். நாக்கில் புற்றுநோய்க் கட்டிக்குச் சிகிச்சை எடுத்துச் சில வருடங்களே ஆன மனிதர், அறுபதை நெருங்கும் வயதில், இவ்வளவு உச்ச ஸ்தாயிப் பாட்டை முதலிலேயே வைத்துக்கொள்கிறார் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

ஸ்டீவ் ஹாரிஸைத் தனியாகக் கவனியுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் மேல் ஒரு காலை வைத்து, பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டி, பாட்டின் வரிகளையும் கூடவே வாயசைத்துக்கொண்டிருப்பார். 1975-இல் குழுவைத் தொடங்கியவர் இவர்தான், இன்னும் அதே வெறி.

குறையும் உண்டு. ஒரு டூர் முழுக்கப் பெரும்பாலும் ஒரே பாட்டு வரிசைதான், இரண்டாவது ஊருக்கும் பின்னாலேயே போகிறவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. 1999-க்குப் பிறகு கிட்டார் மூன்று, ஒலியமைப்பு சரியில்லாத அரங்கில் எது யாருடையது என்றே பிரியாது. 2006-இல் புது ஆல்பத்தை முழுசாக வாசித்ததில் சிலருக்குக் கோபம், எனக்கு அதில் மரியாதைதான் கூடியது. பழைய ஹிட்டை மட்டும் வைத்துப் பிழைக்க நினைக்கும் குழு அதைச் செய்யாது.

நிக்கோ மெக்பிரெய்ன் 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தும் அந்த வருட டூரில் டிரம்ஸ் வாசித்தார், 2024 டிசம்பரில் டூரிலிருந்து விடைபெற்றார். இப்போது சைமன் டாசன். நிக்கோவின் அந்தத் துள்ளல் வேறு, அது இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

சரி, டிக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். போனைப் பையிலேயே வையுங்கள், 2025 டூருக்கு முன் மேனேஜர் ராட் ஸ்மால்வுட்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டார். அப்புறம், நிகழ்ச்சி முடிந்து பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்டி பைத்தானின் பாட்டு ஓடும்போது அவசரமாகக் கிளம்பாதீர்கள், பழைய ரசிகர்கள் அதையும் பாடிவிட்டுத்தான் வெளியே நடப்பார்கள்.