ஓதச் சுவர், பூஞ்சை, ஒப்பந்த வேலை: இருபது மாதம் கழித்து

பூஞ்சை எடுக்க எந்தக் கம்பெனியைக் கூப்பிட்டீர்கள், நானும் அவர்களையே கூப்பிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வேலை நடந்தது 2024 மே மாதம். இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது, நடுவில் ஃபெஞ்சல் புயலும் வந்து போனது. அடைத்த கசிவு அடைத்தபடியே இருக்கிறது. ஆனாலும் அந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. காரணம் ஒன்றுதான்: சுவர் காயும் முன்பே பெயின்ட் அடித்தார்கள்.

வீடு சென்னையில், அடுக்குமாடியின் இரண்டாம் தளம். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம், பீரோவுக்குப் பின்னால் கரும்பச்சைப் பூஞ்சை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கண்ணில் பட்டதால் எல்லாரும் மழைமேலேயே பழியைப் போட்டார்கள். முதலில் வந்து பார்த்தவர் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கோட்டிங் அடிக்கச் சொன்னார். ஓதம் அடித்த சுவரோ உள்சுவர். கத்திரி வெயிலிலும் ஒரு சுவர் ஈரமாகவே இருந்தால் அது மழை வேலை இல்லை, வீட்டுக்குள்ளேயே எங்கோ கசிகிறது. இந்த ஒரு சோதனைக்குச் செலவே கிடையாது, மே மாதம் வரை பொறுத்திருந்தால் போதும்.

இரண்டாவதாக வந்த கம்பெனி கசிவைக் கண்டுபிடித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதலில் குளியலறைக்குப் போகும் தண்ணீர் லைனில் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இறங்கவில்லை. சுவருக்குள் போகும் குழாய்மேல் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து நஹானி ட்ராப்பின் (தரைத் தண்ணீர் வடிந்து போகும் குழி) வாயை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சொட்டு நீலம் கலந்து, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்துவிட்டுப் போனார்கள். மூடிய குளியலறையில் 24 மணி நேரத்தில் ஆவியாகிப் போவது சில மில்லிமீட்டர்தான். இங்கே அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. நீலம் மறுபக்கச் சுவரில் தெரியவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சங்கன் ஸ்லாப்பில், அதாவது குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளத்தில், கொட்டியிருக்கும் செங்கல் ஜல்லியே நிறத்தை உறிஞ்சிவிடும். மட்டம் இறங்கியதே போதுமான சாட்சி.

கசிந்தது ட்ராப்பின் கழுத்தும் தரையும் சேரும் இடம். வெறும் சிமென்ட் பால் ஊற்றி மூடியிருந்தார்கள், நாளடைவில் அது சுருங்கி விரிசல் விட்டிருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி உடைத்து, ஊறிப்போன ஜல்லியை ஸ்லாப் தெரியும்வரை அள்ளி, புது ட்ராப் வைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கோட்டிங் இரண்டு கை கொடுத்தார்கள். முதல் கை நெடுக்கே, இரண்டாவது குறுக்கே. சுவர் மூலையிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்றினார்கள். டைல் இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட். எல்லாவற்றையும் விட, டைல் ஒட்டும் முன் யாரும் கேட்காமலேயே மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்கள். இதைச் செய்யும் மேஸ்திரி கிடைப்பது அரிது. இருபது மாதமாக அந்தத் தரை ஒரு சொட்டு விடவில்லை.

அதே கையோடு படுக்கையறைக்கு வந்ததும் வேலையின் தரம் தலைகீழானது. பூஞ்சை பிடித்த பெயின்ட்டை உலர்ந்த நிலையிலேயே பட்டித் தகட்டால் சுரண்டினார்கள், அதுவும் சீலிங் ஃபேன் ஓட. பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான். ஒரு சதுர அடி பூஞ்சையை உலரச் சுரண்டினால் அந்த அறையோடு போகாது, ஃபேன் காற்றில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் சேர்த்துப் பரவும். செய்ய வேண்டியது இது: ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். கதவு வாசலுக்கு பாலித்தீன் ஷீட் போட்டு நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஜன்னலில் ஒரு ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், அறைக்காற்று வீட்டுக்குள் போகாமல் வெளியே போகும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி. சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சுவரை நனைத்த பிறகே சுரண்ட வேண்டும். விழுந்ததை ஈரத்தோடே இரட்டைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். மிச்சத்தூசிக்கு, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம். சாதாரண வாக்குவம் வித்துகளை முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். நனைக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப்போய், அலமாரித் துணி முழுவதையும் துவைக்க வேண்டி வந்தது.

பிளீச் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைல், கண்ணாடி, எவர்சில்வர் போன்ற வழவழப்பான பரப்புக்குச் சரி. காரைக்கும் செங்கலுக்கும் வீண். குளோரின் மேலேயே தங்கிவிடும், கூட வரும் தண்ணீர் உள்ளே இறங்கிப் பூஞ்சைக்கே பயன்படும். நாலு நாள் வெள்ளையாகத் தெரியும், பிறகு அதே இடத்தில் கறுக்கும். செத்த பூஞ்சையும் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஆகவே கொல்வது போதாது, எடுத்தாக வேண்டும். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனரும் கூடாது. அறைக்குப் புகை போட்டு வித்துகளையெல்லாம் ஒழித்துவிடுவோம் என்று தனியாக ஒரு தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். வித்து எந்தக் காற்றிலும் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் மறுபடி வரும். ஈரம் இல்லாவிட்டால் அது முளைக்காது, அவ்வளவுதான். கறுப்பாக இருப்பதால் இது விஷப் பூஞ்சை என்று பயமுறுத்துவதும் அப்படித்தான். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது, எந்த நிறமானாலும் செய்யும் வேலை ஒன்றே. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால், வேலை நடக்கும் நாட்களில் அவர்களை வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

இனி, காயவிடுவது.

ஈரம் ஏறிய செங்கல் சுவர் காய்வதற்குக் கட்டடக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம். நாலரை அங்குலச் சுவருக்கு நாலரை மாதம். இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் பாதியாகக் குறையும். ஆனால் குளியலறைப் பக்கம் டைல் ஒட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் ஈரம் போகவே வழியில்லை. முழுவதும் படுக்கையறைப் பக்கம்தான் வெளியேற வேண்டும். அதற்கு மேல், ஓதம் அடித்த காரையைக் கொத்திவிட்டுப் பூசிய புதுக் காரையின் ஈரம் வேறு. ஒரு வாரம் தண்ணீர் அடிக்க வேண்டும், அதன் பிறகும் 28 நாளாவது ஆறவிட வேண்டும். இவர்கள் காரை பூசிய பதினோராம் நாள் பட்டி, பிரைமர், எமல்ஷன் எல்லாம் முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்தச் சுவர் காய்ந்திருக்க வழியே இல்லை.

எமல்ஷன் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல். உள்ளே மாட்டிக்கொண்ட நீர் வெளியே வரும்போது சுவரிலிருக்கும் உப்பையும் கரைத்து இழுத்து வரும். உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகிப் பெயின்ட்டை நெட்டித் தள்ளும். செப்டம்பரில் குமிழ், அக்டோபரில் பட்டி உதிர்ந்தது, உதிர்ந்த விளிம்பில் மறுபடி பூஞ்சைப் புள்ளி. கம்பெனி வந்து பார்த்துவிட்டு, கசிவு நிற்கவில்லை போலிருக்கிறது, மறுபடி குளியலறையை உடைக்கலாம் என்றது. தாங்கள் நன்றாகச் செய்த வேலையையே அவர்களுக்குச் சந்தேகப்படத் தோன்றியது. அவசரமாக அடித்த பெயின்ட்டைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. மீண்டும் தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில் மட்டம் அசையவில்லை. தப்பு குளியலறையில் இல்லை.

இந்த நிலை வராமல் இருக்க ஒரு கருவி போதும்: ஈரத்தை அளக்கும், இரண்டு முள் உள்ள மாய்ஸ்சர் மீட்டர். மரத்துக்காக அளவிட்டது என்பதால் சுவரில் காட்டும் எண்ணை அப்படியே சதவீதம் என்று எடுக்காதீர்கள். அதே வீட்டில் நன்றாகக் காய்ந்த ஒரு சுவரில் முதலில் வைத்துப் பாருங்கள், அதுதான் இலக்கு. ஓதச் சுவரில் பென்சிலால் ஆறு புள்ளி குறித்து, வாரம் ஒரு நாள் அதே புள்ளிகளில் வைத்து, பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். உப்பு பூத்த இடத்தில் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். அங்கே ஒன்றரை அடிச் சதுர பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் சுவர்ப் பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம், வைத்தியம் வேறு.

அந்தக் காற்று ஈரத்தைச் சென்னையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். ஒரு அறையில் ஏசியை 20-இல் வைத்தால் அதன் சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத அறையில், வியர்க்கும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் அங்கேதான் பூஞ்சை முதலில் வரும். மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், ஏசியை 25-க்கு ஏற்றுங்கள், குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் இருபது நிமிடம் ஓடட்டும். அறை ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை.

உதிர்ந்த பட்டியை முழுக்க எடுத்துவிட்டு, 2024 மழைக்காலம் முழுவதும் சுவர் வெறும் காரையாகவே நின்றது. மழை நாளில் ஜன்னலை மூடி ஏசியை டிரை மோடில் வைப்பது, வெயில் நாளில் ஜன்னலைத் திறந்து பெடஸ்டல் ஃபேனைச் சுவர் பார்த்து ஓட விடுவது, வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுவது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். சீக்கிரம் காயட்டும் என்று கேஸ் அடுப்பை வைக்கக்கூடாது, எரிவாயு எரியும்போதே நீராவி வரும். ஆறு புள்ளிகளும் காய்ந்த சுவரின் எண்ணுக்கு இறங்கியது 2025 மார்ச்சில்.

பிறகு எமல்ஷன் வேண்டாம் என்று சுண்ணாம்பு மூன்று கை அடித்தாயிற்று. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை (பிஎச் அளவு) 12-க்கு மேல், பூஞ்சையால் அதில் ஊன்ற முடியாது. சுவரும் மூச்சு விடும். பிடிமானத்துக்கு வஜ்ரப் பசை கலக்கலாமா என்று பெயின்டர் கேட்பார், வேண்டாம். அது பூஞ்சைக்குத் தீனி. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதற்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி சொன்னது. வாரண்டித் தாளைப் படித்தால், குழாய்க் கசிவால் வரும் பெயின்ட் சேதம் ஏற்கெனவே அதில் விலக்கு. அந்த வாரண்டி இருந்தும் இல்லாமலும் ஒன்றுதான்.

கொட்டேஷன் வாங்கும்போது இரண்டு விஷயம். ஓதம் பத்தடி நீளம், மூன்றடி உயரம். ஓரடி கூடுதலாகக் காரை கொத்தினாலும் 40 சதுர அடிதான். அவர்கள் முழுச் சுவர் 100 சதுர அடிக்கும் கொத்துக் கூலி போட்டிருந்தார்கள். நிறம் ஒத்துப்போக பெயின்ட்டுக்கு 100 சரி, கொத்துக்கும் பூச்சுக்கும் 40 என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்றும் கேளுங்கள். அடுத்து, படுக்கையறைப் பக்கம் வாட்டர்புரூஃப் கோட்டிங் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். கசிவை நிறுத்தாமல் அந்தப் பக்கம் மூடினால் ஈரம் கோட்டிங்குக்கு மேலே ஏறி நாலடியில் வெளிவரும்.

நண்பருக்குப் பதில்: குளியலறைத் தரைக்கு இவர்களை விட நல்ல கை இந்த ஊரில் கிடைப்பது கஷ்டம். சுண்ணாம்பு அடித்த பிறகு பூஞ்சையும் திரும்பவில்லை. ஆனாலும் நான் மறுபடி கூப்பிட மாட்டேன். எண்ணிப் பார்த்தால் நல்லதுதான் அதிகம், அது எனக்கே தெரிகிறது. ஃபேன் ஓட அந்தச் சுவரைச் சுரண்டியதையும், பதினோராம் நாள் சாவியை நீட்டியதையும் மன்னிக்க மனம் வரவில்லை. நீங்கள் கூப்பிடுவதானால் பிப்ரவரியில் கூப்பிடுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். பெயின்ட் வேலையை அவர்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். காரை பூசியதும் மீதிப் பணத்தைத் தீர்த்து அனுப்பிவிட்டு, மீட்டரை நீங்களே கையில் எடுங்கள்.