பிட்ஸ்பர்க்: பஸ்வே பக்கமா, 'டி' ரயில் பக்கமா?

கார் வாங்காமல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியேற நினைப்பவர் வாடகையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கிழக்கே பஸ்வே. 1983-ல் திறந்தது. பஸ்களுக்கென்றே ரயில் பாதையை ஒட்டிப் போட்ட தனிச் சாலை. சிக்னலும் கிடையாது, நெரிசலும் கிடையாது. கிழக்குப் பகுதியான ஈஸ்ட் லிபர்ட்டியில் பி1 பஸ்ஸில் ஏறினால், மேலே கார்கள் ஊர்ந்துகொண்டிருக்க, பள்ளத்துக்குள் விர்ரென்று டவுன்டவுன் போய்விடலாம். ஊருக்குள் நுழைந்ததும் அந்த ஜம்பம் அடங்கிவிடும். அங்கே அதுவும் சாதாரண பஸ்தான்.

தெற்கே 'டி' ரயில். அதன் குணம் நேர்மாறு: டவுன்டவுனில் சுரங்கத்தில் ஓடும், வெளியே போகப் போக ஆடி அசைந்து நடக்கும். தெற்கே பீச்வியூ பகுதியில் 'டி'யின் ரெட் லைன் தடம் தெருவின் நடுவிலேயே, கார்களோடு கலந்து போகிறது. (நாட்டிலேயே மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்றான கேன்டன் அவென்யூவும் பீச்வியூவில்தான். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.) டவுன்டவுனுக்குள்ளும், ஆற்றுக்கு அடியில் போய், அக்கரையில் ஸ்டேடியங்கள் இருக்கும் நார்த் ஷோர் வரையிலும் டிக்கெட்டே வேண்டாம். மேட்ச் நாட்களில் கூட்டம் பிதுங்கும்.

கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இருக்கும் ஓக்லாண்டில் வேலையோ படிப்போ என்றால் யோசிக்கவே வேண்டாம், கிழக்குதான். 'டி' அங்கே போகவே போகாது. டவுன்டவுனில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். டவுன்டவுனில் ஆபீஸ், கொஞ்சம் அமைதியான தெரு போதும் என்பவர்களுக்கு தெற்கே ரெட் லைன் ஓடும் டார்மான்ட் பக்கம் சரிப்படும்.