நடையா, எடையா? அறுபதைத் தாண்டிய தோட்டத்து உடம்புக்கு எது உதவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் திடலைச் சுற்றி நடப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள், உதிரிப் பழம் பொறுக்கியவர்கள். நடந்தால் இனிப்பு நீர் (நீரிழிவு) கட்டுப்படும், காலும் வலுவாக இருக்கும் என்று நம்புகிறார்கள். முதலாவது சரி. இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. காலுக்கு வலு சேர்க்க, சுமையோடு செய்யும் எடைப் பயிற்சியும் வேண்டும்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்குமேல் இந்தத் தேய்வு வேகமெடுக்கிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகப் போகிறது: 75 வயதையொட்டி ஆண்கள் ஆண்டுக்கு 3 முதல் 4 சதவீத வலுவை இழக்கிறார்கள், பெண்கள் 2.5 முதல் 3 சதவீதம். அதிகம் சுருங்குபவை வேகமாக இயங்கும் தசையிழைகள். கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை முன்வைத்து நம்மைத் தாங்குபவை அவைதாம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஆண்களுக்குத்தான் நட்டம் அதிகம். ஆனால் பெண்களின் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. சராசரியாக அவர்களின் மேலுடம்பு வலு ஆண்களுடையதில் பாதியைச் சற்றே தாண்டும். கால்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்டுக்கு ஒரு சதவீத அளவில் மெல்ல வடிகிறது. பெண்ணுக்கோ மாதவிடாய் நிற்கும் சில ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சரிந்து, எலும்பையும் தசையையும் சேர்த்தே பாதிக்கிறது. ஆயுளும் பெண்களுக்குத்தான் கூடுதல். கைப்பிடி இல்லாமல் எழ முடியாத நிலையில் நெடுங்காலம் வாழ நேர்வது நம் வீட்டுப் பெண்களுக்குத்தான். அதனால்தான் இந்தப் பேச்சை ஆண்களோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை.

நடையைக் குறை சொல்ல மாட்டேன். இதயம், இரத்த அழுத்தம், இனிப்பு நீர், தூக்கம், நாலு பேரோடு பேசும் நிம்மதி எல்லாவற்றுக்கும் அது நல்லது, செலவும் இல்லை. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் முழு வலுவில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. பழகிய சுமையைப் பழகிய அளவிலேயே கொடுத்தால் தசைக்கு வளரக் காரணமே இல்லை.

“நாங்கள் உழைத்த உடம்பு, எங்களுக்கு எதற்குப் பயிற்சி?” என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். பத்து, இருபது கிலோ எடையுள்ள குலைகளை நாள் முழுக்க வெட்டித் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தசை பழைய உழைப்பைச் சேமித்து வைப்பதில்லை. காய்ச்சலில் சில நாள் படுத்தாலே முதியவர்களின் கால் இளைத்துவிடும். அதிலும் தோட்ட வேலை உடம்பின் சில பகுதிகளைத்தான் வலுவாக்கியது. முதுகையும் முழங்காலையும் தேய்த்தும் விட்டது. குனிந்தபடியே பழம் பொறுக்கிய பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்று வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் மரவள்ளியும் போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது மட்டும் போதாது.

கோயில் மண்டபத்தில் முதியோர் கூடும்போது ஒரு சோதனை வைப்பேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். தசைத் தேய்வுக்கான ஆசிய வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட வரையறைப்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை. நடையில் எல்லோருக்கும் முன்னால் போகும் அக்கா ஒருவர் முதல் இரண்டு முறை எழுந்துவிட்டார். மூன்றாவது முறை உடம்பு முன்னே சாய்ந்தது, குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியது, வலது கை தானாகவே இறங்கி முழங்காலை ஊன்றிக்கொண்டது. “தினமும் நடக்கிறேனே தம்பி!” என்றார். நடை அவரை ஏமாற்றவில்லை. எழுந்திருக்கும் வேலையை அந்தத் தொடைக்கு யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எடைப் பயிற்சியின் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. 1990இல் பாஸ்டனில், சராசரி 90 வயதுள்ள முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப் பயிற்சி செய்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் நூறு பேரை வைத்து நடந்த அடுத்த ஆய்வில் பெண்களே அதிகம். பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலு இரண்டு மடங்கைத் தாண்டியது, நடைவேகமும் மாடிப்படி ஏறும் திறனும் கூடின. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்கி அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு எடை ஒத்துவராது என்பது வெறும் பயம். தங்கள் தொடக்க வலுவோடு ஒப்பிட்டால் பெண்களும் ஏறக்குறைய ஆண்கள் அளவுக்கே முன்னேறுகிறார்கள். அதோடு, தத்தம் உச்ச வலுவில் ஒரே விகிதச் சுமையைக் கொடுத்தால், பல வகைப் பயிற்சிகளில் பெண்களின் தசை ஆண்களைவிடத் தாமதமாகவே சோர்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: நடையை விடாதீர்கள், ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது எடைக்குக் கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. முதியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாற்காலியில் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். பத்து முறை எளிதானதும் மடியில் அரிசிப் பையை அணைத்துக்கொள்ளலாம், பிறகு பையின் எடையைக் கூட்டலாம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும். சாப்பாட்டில் முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயா), மீன், பருப்பு கூட வேண்டும். சோற்றைக் குவித்துச் சம்பலைத் தொட்டுக்கொள்வது தசைக்குப் போதாது.

திடலோரம் போட்டிருக்கும் இரும்புக் கருவிகளை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் எடையைக் கூட்ட வழியே கிடையாது. காலை வீசி ஆட்டலாம், அவ்வளவுதான். குடியிருப்புச் சங்கத்தின் கையில் பணமிருந்தால் இன்னொரு கருவி வேண்டாம். பல எடைகளில் மணல் பைகளும், சுவரோரம் போட உறுதியான நாற்காலிகளும் வாங்கட்டும்.