மொழிபெயர்க்க மறுக்கும் செயலி: யிவூவிலிருந்து ஒரு பிளெக்கோ மதிப்புரை

சீனாவில் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல மொழிபெயர்ப்புச் செயலி எது என்பதைத்தான். நான் பிளெக்கோ என்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ஒரு வாக்கியத்தைக்கூட மொழிபெயர்க்க மாட்டேன் என்கிறதே" என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். குறை சரிதான். பிளெக்கோ ஒரு சீன-ஆங்கில அகராதி. வாக்கியத்தைக் கொடுத்தால் சொல் சொல்லாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் காட்டும். சேர்த்துப் புரிந்துகொள்வது நம் வேலை. அதற்காகவேதான் அதைச் சிபாரிசு செய்கிறேன்.

நான் இருப்பது ஜெஜியாங் மாகாணத்தின் யிவூவில். கொள்முதல் முகவர் வேலை. இங்குள்ள சர்வதேச வணிகச் சந்தையில் சுமார் 75,000 கடைகள். இரண்டாம் வளாகத்தில் குடை, நான்காம் வளாகத்தில் காலுறை என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். சந்தைக்குள் சீனம் தெரியாமலே வருடக்கணக்கில் காலம் தள்ளலாம். விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுவார்கள், நாம் அதை அழித்துக் குறைவாக ஒரு விலை அடிப்போம், வியாபாரம் முடிந்துவிடும். தொல்லை தொடங்குவது மாலையில், கடைகள் மூடிய பிறகு. லிஃப்டில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருக்கும். வீட்டு உரிமையாளர் எதற்கோ பணம் கேட்டுச் செய்தி அனுப்பியிருப்பார். கால்குலேட்டர் அங்கே உதவாது.

பிளெக்கோ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம். ஸ்மார்ட்போன் பரவுவதற்கு வெகு முன்பே, பாம் என்ற கையடக்கக் கருவிகளில் இந்த அகராதி ஓடியது. அடிப்படை அகராதி இலவசம். இணையம் இல்லாமலே வேலை செய்யும். சீனாவில் இது சின்ன விஷயமில்லை. கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையை 2022 அக்டோபரில் சீன நிலப்பகுதியில் நிறுத்திவிட்டது. தடையைச் சுற்றிக்கொண்டு வெளி இணையத்துக்குப் போக உதவும் வி.பி.என். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வி.பி.என். எந்த நேரத்தில் படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து இடம்பெறும் சொற்களையெல்லாம் வரிசையாகக் கொட்டும். 'ஃபெய்' என்றால் கட்டணம். அதைத் தட்டினால் ஷுய்ஃபெய் தண்ணீர்க் கட்டணம், தியன்ஃபெய் மின்கட்டணம், யுன்ஃபெய் சரக்குக் கட்டணம் என்று பட்டியல் விரியும். வீட்டுக்காரரின் செய்தியும் சரக்கு அலுவலகத்தின் பில்லும் ஒரே எழுத்தில் வந்து முடிகின்றன. ஷுய் தண்ணீர், தியன் மின்சாரம் என்று மனதில் பதிந்துவிட்டால், லிஃப்டில் 'திங்ஷுய்' என்று ஒட்டியிருக்கும்போது பாதி வேலை முடிந்தது. 'திங்' என்றால் நிறுத்தம். நாளைக்குத் தண்ணீர் வராது, வாளியில் பிடித்து வைக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியும் இதைச் சொல்லியிருக்கும்தான். ஆனால் அடுத்த மாதம் 'திங்தியன்' ஒட்டினால் அதனிடமே திரும்பப் போக வேண்டியிருக்கும்.

மேலே தியன், திங் இரண்டுக்கும் ஒரே 'தி' போட்டிருக்கிறேன். தமிழ் எழுத்தில் வேறு வழியில்லை. சீனக் காதுக்கோ அவை முற்றிலும் வேறு. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் முதலாவதை d என்றும் இரண்டாவதை t என்றும் தொடங்குவார்கள். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் அந்த d-யை ஆங்கில 'டோர்' (door) போல உச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழருக்கு அந்தச் சுற்று தேவையே இல்லை. நாம் 'தலை' என்னும்போது வரும் த தான் பின்யினின் d. 'பல்' என்பதில் வரும் ப தான் அவர்களுடைய b. பழக வேண்டியது, அதே ஒலியோடு ஒரு மூச்சை வெளியே தள்ளும் மற்ற வரிசையை மட்டுமே. மூச்சைத் தள்ளாவிட்டால் 'தொவ்' என்பது 'எல்லாம்', தள்ளினால் 'திருடு'. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல விரும்புகிறவர் இதைக் கவனிப்பது நல்லது. இன்னொரு கூடுதல் லாபம் நம்முடைய ழ. பின்யினில் ஆர் என்று எழுதப்படும் ஒலி அதற்கு மிக நெருக்கமானது. ஐரோப்பிய மாணவர்கள் அந்த ஒலியோடு மல்லுக்கட்டும்போது, மருந்துப் பெட்டியில் இருக்கும் 'நாளுக்கு மூன்று முறை' என்பதை நாம் சிரமமில்லாமல் படித்துவிடலாம்; அதில் 'நாள்' என்ற சீனச் சொல் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது.

பிளெக்கோவில் ஒலியைத் தட்டிக் கேட்கலாம். தொனிகளுக்கு, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களுக்கு, ஏற்ப எழுத்துகளுக்கு நிறமும் வரும். வாங்குவதும் விற்பதும் இரண்டுமே 'மாய்' என்பதால், மூன்றாம் தொனியையும் நான்காம் தொனியையும் கண்ணாலும் பிரித்துப் பழகுவது வியாபாரிக்கு உதவும். ஆனால் செயலி பேசுவது வானொலிச் சீனம். இந்தப் பக்கத்தில் பலர் 'ஷ'வை 'ஸ'வாகப் பேசுவார்கள். அப்படிப் பேசினால் நான்குக்கும் பத்துக்கும் இடையே மிஞ்சுவது தொனி மட்டும்தான். அதனால்தான் பேச்சோடு கால்குலேட்டரும் வருகிறது; அது கையில் இல்லாதவர் இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்துப் பத்து என்று காட்டுகிறார். கடைக்காரர்கள் தங்களுக்குள் யிவூ வட்டார மொழிக்கு மாறிவிட்டால் எந்த அகராதியாலும் பயனில்லை. அவர்கள் மாறுவதன் நோக்கமே அதுதான்.

பெரிய குறை, தமிழ் இல்லை. பெய்ஜிங்கிலிருந்து சீன வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது 1963இல். அவ்வளவு காலமாக நம் மொழியைச் சுத்தமாகப் பேசும் சீனர்கள் இருக்கிறார்கள். பிளெக்கோவின் அடிப்படை அகராதியிலோ எல்லா விளக்கமும் ஆங்கிலம், அதுவும் அகராதி ஆங்கிலம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் அடுக்கி நிற்கும். எது இங்கே பொருந்தும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தயங்குகிற கிடங்கு நண்பர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. இங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் செய்திச் செயலியில் வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். அவர்களுக்கு அது போதும்.

காசு விஷயம். கூடுதல் வசதிகளை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. முதலில் வாங்க வேண்டியது கேமரா வழியாகப் படிக்கும் வசதி. லிஃப்ட் அறிவிப்பும் மருந்துப் பெட்டியும் அதில் அடங்கிவிடும். அடுத்தது, தேடிய சொற்களை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் அட்டைகள். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அது கட்டாயம். பழஞ்சீன அகராதிகளெல்லாம் ஆசைக்கு. நானும் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன்; அவ்வப்போது திறந்து பார்ப்பது சுகமாகத்தான் இருக்கிறது.

அகராதியைத் தேட நேரமே கிடைக்காத இடங்களும் உண்டு. கூரியர்காரர் போன் செய்து, பெட்டியை எந்த நிலையத்தில் விட்டிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவார். எண்களை வாசிக்கும்போது ஒன்றுக்கு 'யீ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார். இது காதால் மட்டுமே வரும். காய்கறிக் கடையில் எழுதியிருக்கும் விலை 'ஜின்' ஒன்றுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. மலிவு என்று மகிழ்வதற்கு முன் இரண்டால் பெருக்குங்கள். வீடு எடுத்துத் தங்குகிறவர் 24 மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் பதிவு செய்தாக வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள்.

குவாங்ஜோ நகரில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்குப் பத்து நாள் வந்து போகிறவருக்கு பிளெக்கோ வேண்டாம், பொறுமையைத்தான் சோதிக்கும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் ஊரிலேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு பிளே ஸ்டோர் திறக்காது. ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.