நெற்றியில் அக்கியா? போனில் மருந்து விற்பவரை நம்பாதீர்கள்

நேற்று மாலைதான் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. இடது நெற்றியில் இரண்டு நாள் எரிச்சல், அப்புறம் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். ஊரில் அக்கி எழுதும் குயவர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் காவி தொடமாட்டேன், டாக்டரிடம் போங்கள் என்றார். நான்தான் கேட்கவில்லை. வீடியோவில் பார்த்த ஒரு மூலிகை மருந்து விற்பவருக்குப் போன் போட்டேன்.

"என் அப்பா மாதிரி பார்த்துக்கிறேன் தம்பி, மூணு நாள்ல காஞ்சிடும், இங்கிலீஷ் மருந்து மட்டும் தொடக்கூடாது, அக்கியை உள்ள அமுக்கிடும்" என்றார். அந்தக் குரலில் இருந்த அக்கறையை அப்படியே நம்பி, எண்ணெய், சூரணம், கூரியர் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் உடனே அனுப்பினேன்.

பார்சல் வரவே மூன்று நாள். அதற்குள் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம், கண் சிவந்து இமை வீங்கிவிட்டது. கேட்டால், "விஷம் வெளியேறுது, நல்லதுதான்." மறுநாள், "மீன் கொடுத்திருப்பீங்க, பத்தியம் போச்சு." அப்புறம் வேறு யாரோ எடுத்து, "ஐயா கேம்ப்ல இருக்கார்." 6,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பிளாக்.

கண் டாக்டர் மூக்கு நுனியைப் பார்த்ததும் எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் கேட்டார். அந்த நுனிக்கும் கண்ணுக்குள்ளும் போவது ஒரே நரம்பின் கிளைகளாம். எப்போதோ வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து கிளம்புவதுதான் அக்கி. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும், நாங்கள் போனது ஏழாம் நாள். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார், அப்பா இமைக்கவே இல்லை. கண்ணில் உணர்ச்சி இல்லை, நெற்றியிலோ ஃபேன் காற்று பட்டாலே துடிக்கிறார். புண் ஆறிய பிறகும் இந்த நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கலாமாம். பால் ஊற்றிச் சேர்த்த 6,800 ரூபாய் அது, அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டது. நெற்றி, இமை, மூக்கில் அக்கி என்றால் அன்றைக்கே கண் டாக்டர். கண்ணருகே எண்ணெய் பூசாதீர்கள், கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள், நான் அதை வைத்துத்தான் இன்று காலை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன்.