அந்த வெள்ளை டப்பாவில் என்ன இருந்தது?

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம். நாங்கள் இருக்கும் இங்கிலாந்து லெஸ்டரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவும் சேர்ந்து வந்ததால் இருபத்தாறு நாள் ஊரில் இருக்க முடிந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கினது, தக்கலைக்கு டாக்ஸி பிடித்தது, பேங்க் வேலை, பட்டெடுப்பு எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. எனக்கு எழுத இருப்பது ஒரு வெள்ளை டப்பாவைப் பற்றி.

குங்குமம் போட்டு விற்பார்களே, அந்த அளவுள்ள பிளாஸ்டிக் டப்பா. திருகுமூடி. பேர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை. வந்த அன்று ராத்திரி, கல்யாணப் பெண்ணான என் மருமகளின் கண்ணாடி மேசையில் பார்த்தேன்.

“இது என்னது மக்களே?”

“பார்லர்ல தாற நைட் கிரீம், அத்தை. எட்டு மாசமா போடுதேன். மொகம் நல்லா வெளுத்துட்டு, பாத்தியளா?”

ராத்திரி வெளிச்சத்தில் முகம் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் முகம் கழுவிவிட்டு அவள் முற்றத்தில் வந்து நின்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. அந்தச் சிவப்புக்குள் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிந்தது. வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குரு. காதோரத்திலிருந்து தாடை வரை பூனைமயிர். ரெண்டு நாள் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “தீ மாதிரி எரியும் அத்தை. அதனால விடவே மாட்டேன்” என்றாள்.

அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கன்னத்தில் மங்கு, அந்தக் கறுப்புத் திட்டு, விழுந்தது. 2014இல் ஊருக்கு வந்தபோது ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலேயே ஒரு டியூப் தந்தார்கள். மூன்று வாரத்தில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. பெட்டியில் எட்டு டியூப் அடுக்கிக்கொண்டு லெஸ்டருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தேய்த்தேன். தீர்ந்தபோது முகம் பற்றி எரிந்தது. அங்கே பார்மசியில் இருந்த ஒரு குஜராத்திப் பெண் காலி டியூபை வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025, மொமெட்டசோன் 0.1. முதலாவது தோல் கருமை உண்டாக்குவதைத் தடுக்கும், இரண்டாவது மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்கும், மூன்றாவது ஸ்டீராய்டு. டாக்டர் பார்த்து, சில வாரத்துக்கு மட்டும் என்று கணக்கு வைத்துத் தர வேண்டிய மருந்து அது. நான் அதைப் பவுடர் மாதிரிப் பூசியிருக்கிறேன். நிறுத்தின பிறகு மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. அந்த நாட்டில் சீட்டு இல்லாமல் கவுண்டரில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்புகளில் ஒன்று ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம். அதன் பெட்டியிலும் முகத்தில் போடக் கூடாது என்று அச்சடித்திருக்கும்.

அதனால் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மருமகளோடு பார்லருக்குப் போனேன். நாகர்கோவிலில்தான், எந்த இடம் என்று சொல்லவில்லை. கல்யாணப் பேக்கேஜ் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அன்றைக்கு பிளீச்சும் கோல்டு ஃபேஷியலும். ஏசி, பெரிய கண்ணாடி, யூனிஃபார்ம் போட்ட பெண்பிள்ளைகள். நான் ஊரில் இருந்த காலத்தில் ஒரு வீட்டு முன்னறையில் துணித்திரை தொங்கவிட்டு, வாயில் நூலைக் கடித்துப் புருவம் எடுத்துவிடும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நம் முகத்தில் இருக்கும் மறு எல்லாம் மனப்பாடம். இங்கே என் மருமகளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, நேராகப் பிளீச்சைக் குழைக்க ஆரம்பித்தார்கள். என்ன மருந்து போடுகிறாய், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிட்டாயா, போன தடவை எரிந்ததா, ஒரு கேள்வி கிடையாது. அந்தச் சிவந்த கன்னத்தில் அமோனியாவும் பெராக்சைடும் கலந்த ஒன்றைப் பூசப் போனார்கள்.

லெஸ்டரில் புருவத்துக்குச் சாயம் போட வேண்டும் என்றாலே இரண்டு நாளைக்கு முன்னால் போய்க் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பக்கம் நிறையக் கேள்வி எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை அப்படி வைத்துப் பார்க்காமல் போனதற்கு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தத் தாளின் அருமை தெரிந்தது.

குழைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, பொறுப்பில் இருந்த பெண்ணிடம் டப்பாவைக் காட்டினேன்.

“இதுல என்ன சேர்த்திருக்கு?”

“எல்லாம் ஹெர்பல்தான் மேடம். ஸைடு எஃபெக்ட் ஒண்ணுமே இல்ல.”

“என்ன மூலிகை?”

“கற்றாழை, குங்குமப்பூ... பொறவு எங்க ஃபார்முலா.”

“நீங்களே செய்யியளா?”

“இல்ல மேடம். டீலர்கிட்டயிருந்து மொத்தமா வரும். நாங்க டப்பாவுல போட்டுக் குடுப்போம்.”

“அப்பம் அந்த மொத்த டப்பாவைக் காட்டுங்க. அதுல எழுதியிருக்குமே.”

உள்ளே போனவள் இருபது நிமிஷம் வரவில்லை. வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஓனர் வெளியே போயிருக்கிறாராம். பில் கேட்டேன். கிரீமுக்கு பில் கிடையாது, பேக்கேஜுக்குத்தான் பில். கடையில் விற்கிற ஒரு முகக் கிரீம் என்றால் அட்டையில் சேர்மானமும் உற்பத்தி உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் எந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் இருந்தாக வேண்டும், அது சட்டம் என்று சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே சொன்னாள்: “உங்க ஃபாரின் ஸ்கின்னுக்கு இது வேண்டாம் மேடம். இவங்களுக்கு நல்லா செட் ஆயிட்டு.”

அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. முட்டத்துக் கடற்கரையில் வெயில் காய்ந்து வளர்ந்த தோல் என்னுடையது. அவளும் நானும் மருமகளும் ஒரே நிறம். எட்டு மாசமாக மாசத்துக்கு 850 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியாது, அவளும் அதைத்தான் போடுகிறாள் என்பது அவள் கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. முன்பணத்தை விட்டுவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் மனைவி மயினிக்கு ரூபாய் போனதில் பெரிய வருத்தம். ரெண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொன்று. தினமும் காலையில் குளச்சல் மீன்காரி கூடையை இறக்கினதும், செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள், வயிற்றை அமுக்குவாள், மோந்தும் பார்ப்பாள். நூறு ரூபாய்ச் சாளைக்கு இவ்வளவு விசாரணை. அந்த வீட்டில்தான் பேரில்லாத ஒரு சாமானம் எட்டு மாசம் பேத்தி முகத்தில் ஏறியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது அம்மா, “செறுபயறும் கஸ்தூரி மஞ்சளும் கிடக்க எதுக்கு பிள்ளே இதெல்லாம்? எலுமிச்சங்காயைப் பிழிஞ்சு தேய்ச்சா போதும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய், செம்பருத்தித் தாளி, கிணற்றடி எல்லாம் எனக்கும் கண்ணில் வந்துபோனது. ஆனாலும் எலுமிச்சையை அந்த முகத்தில் வைக்க நான் விடவில்லை. வெந்த தோலில் புளிப்பைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் இன்னும் கறுக்கும்.

அடுத்து நடந்ததைத்தான் லெஸ்டரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போன் போட்டேன், அன்று சாயங்காலமே ஒரு தோல் டாக்டரைப் பார்க்க டோக்கன் கிடைத்தது. முப்பத்தொன்றாம் நம்பர். என் மங்குக்கு அங்கே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஏழு மாசம் காத்திருந்தவள் நான். மர பெஞ்சு, மழை, காரிடார் முழுக்கக் குடை, குழந்தைகள் அழுகை. ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போனோம். டாக்டரம்மா லென்ஸை வைத்துக் கன்னத்தைப் பார்த்தார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. “எத்தனை மாசமா போடுற?” என்றுதான் கேட்டார். போடுகிறாயா என்று கேட்கவில்லை.

டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை லேபில் கொடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் இந்த முகம் ஸ்டீராய்டு போட்ட முகம் என்றார். இப்படிப்பட்ட முகங்களைப் பார்த்துப் பார்த்து இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்று தனிப் பேரே வைத்திருக்கிறார்களாம். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018இலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியும் இது நிற்கவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று டெஸ்ட் எழுதினார். வெளுக்க வைக்கும் கிரீம் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது தோல் வழியாக ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் மலப்புறத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது பலர் இந்த மாதிரி கிரீம் போட்டவர்களாக இருந்த செய்தியை நானும் வாசித்திருந்தேன், இதோடு சேர்த்து யோசிக்கவில்லை. ரிசல்ட் வரும் வரை மயினிக்கும் எனக்கும் உறக்கமில்லை. நல்லவேளை, ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். பிளீச், ஃபேஷியல், பீல், ஸ்கிரப் எதுவும் கூடாது. மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஒரு தைலம், ஒரு மாத்திரை. கல்யாணத்தன்று முகம் சிவந்துதான் இருக்கும், சரியாகச் சில மாசம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஃபீஸ் நானூறு ரூபாய்.

அங்கேயே என் காரியத்தையும் கேட்டேன். நாகர்கோவிலில் மங்குக்கு லேசர் டோனிங் ஆறு சிட்டிங் என்று விளம்பரம் பார்த்து, இந்தப் பயணத்தில் செய்துவிட்டுப் போகலாம் என்று ரூபாயும் ஒதுக்கியிருந்தேன். டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டார். நம் நிறத் தோலில் சூடு கூடினால் மங்கு இன்னும் கறுக்கும், சிலருக்கு நடுநடுவே வெள்ளைப் புள்ளியாகவும் விழும். அது முதலில் கை வைக்க வேண்டிய காரியம் இல்லை. மங்குக்கு வெயில் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது, அதனால் இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்கு, ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடு, வெளியே நின்றால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடு என்றார். எங்காவது லேசர் செய்வதாக இருந்தால், என்ன மெஷின், எந்த அலைநீளம், யார் கையில் பிடிப்பது, காதோரத்தில் ஒரு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை நாள் பொறுப்பீர்கள் என்று கேட்கச் சொன்னார். இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்குச் சொல்லித் தந்த முதல் ஆள் அவர்தான், அதுவும் தன் கிளினிக்கில் மெஷின் வைத்துக்கொண்டே.

கல்யாண மேக்கப்புக்கு ஆள் வேண்டுமே. பழைய பார்லருக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டு அக்கா தக்கலையில் ஒருத்தியைச் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை, ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன். அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மருமகளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தார். “ஃபேஷியல் கேட்டு வந்தியளா? இந்த மொகத்துக்கு நான் இப்பம் ஒண்ணும் செய்யமாட்டேன். கேட்டியா மக்களே, என்ன ரூவா தந்தாலும் செய்யமாட்டேன்.” நாங்கள் டாக்டர் சீட்டைக் காட்டும் முன்னாலேயே இதைச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நீளநோட்டில் மருமகள் பேரை எழுதி, என்ன மருந்து, என்ன அலர்ஜி, எது போட்டால் எரிந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். தான் போடும் ஃபவுண்டேஷனின் அட்டையை எடுத்துத் தந்து, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். நாலு நாளைக்கு முன்னாலேயே தாடைக்குக் கீழே கொஞ்சம் பூசி அனுப்பினார். எரியவில்லை. கல்யாணத்தன்று விடியக்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, சேலை கட்டி, தோவாளைப் பிச்சியை ஜடை நிறையச் சுற்றி, முகத்தில் மெல்லிசாக மட்டும் போட்டுவிட்டார். பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அதையும் கவனித்தேன்.

மேடையில் கன்னம் சிவந்துதான் இருந்தது. வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, போட்டோவில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது, நேரில் கொஞ்சம் கம்மிதான் என்று என் காதுபடச் சொன்னாள். அதற்கு அங்கே பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் லெஸ்டருக்குத் திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. மருமகளுக்கு எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது, இடையில் ஒரு வாரம் குரு மோசமாகி அழுதாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் படம் எடுத்து அனுப்புவாள். போன ஞாயிறு வந்த படத்தில் முகம் இல்லை. புகுந்த வீட்டில் யாரோ கொடுத்த ஒரு கிரீம் பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்து தெரியும்படி எடுத்திருந்தாள். கீழே, “அத்தை, மூணாவது வரியில இருக்கது என்னது?”